நல்லேருக்குள் மலையிறங்க வேண்டும்

மலை ஏறுவதற்கென்றே தனியாகச் செருப்பு விற்கிறார்கள் என்பது நம் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. மகள் வீட்டுப் பையன் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தான். அடியில் டிராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையாக இருக்கிறது. ஆபீசுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போகிறார்களாம். "அங்க என்னப்பா கோயிலு?" என்று கேட்டேன். "கோயில் எல்லாம் இல்ல பாட்டி, சும்மா நடக்கத்தான்" என்றான். சும்மா நடப்பதற்கு ஒரு செருப்பு, சும்மா நடப்பதற்கு ஒரு பை, சும்மா நடப்பதற்கு ஒரு கைத்தடி. சரி, காலம் அப்படி. நானும் சின்ன வயதில் மலைக்காட்டில் நடந்தவள்தான், அதுவும் வெறுங்காலோடு, மொட்டைத் தலையோடு என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நாம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர்கள். நமக்கு மலை என்றால் சுவாமிமலை. அறுபது படி. அதையும் மனிதர்கள் கட்டின மலை என்றுதான் சொல்வார்கள். மற்றபடி நம் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் வைக்கோற்போர். அம்மிக்குழவிகூட வெளியூரிலிருந்து வண்டியில் வந்ததுதான். எனக்குப் பத்து வயது ஆகும்வரை, கல் என்பது தரையிலிருந்து தானாக எழும்பி நிற்கும் என்று தெரியாது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், புதாறு என்கிற கல்லணைக் கால்வாய்ப் பாசனம். அப்பா ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் தஞ்சாவூரில் இருந்த ஒரு மிராசுதார். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உழுகிறவனுக்கே நிலம் என்று எழுதியிருக்கும். கிழக்கே கூலிச் சண்டை, செங்கொடி, போலீஸ் வேன். எங்கள் பக்கம் குத்தகைச் சண்டை. யார் எந்த நிலத்தைச் சாகுபடி செய்கிறார்கள் என்று சர்க்கார் பதியப் போகிறது, பதிந்துவிட்டால் பிறகு ஆளை வெளியேற்ற முடியாது என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு வந்ததும் மிராசுதார்கள் சிலர் பழைய ஆளை அவசர அவசரமாக மாற்றத் தொடங்கினார்கள்.

பதிய வருகிற அதிகாரி ஊரைக் கேட்பார். ஊர் யார் பெயரைச் சொல்லும்? அந்த வருஷம் நல்லேர் பூட்டினவர் பெயரைத்தான் சொல்லும். நல்லேர் என்றால் உங்களில் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரையில் நாள் குறித்து, ஊரே ஒரே காலையில் மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வயலில் இறக்கும். படையல் போட்டு மூன்று சுற்று உழுதால் அந்த வருஷத்துக்கு அந்த வயல் அவர் சாகுபடி. ஒருவர் நல்லேர் பூட்டின மண்ணில் இன்னொருவர் போய் ஏர் வைக்கமாட்டார். வைத்தால் குலம் விளங்காது என்பார்கள். கோர்ட்டுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படுவான்.

கைக்குழந்தையில் எனக்கு மாந்தம் வந்து கண் சொருகிவிட்டதாம். துறையூரைத் தாண்டி ஒரு மலைமேல் இருக்கும் முருகனுக்கு முடி இறக்குவதாக அப்பா நேர்ந்துகொண்டார். நேர்ந்தாரே தவிர, வருஷா வருஷம் தள்ளித் தள்ளிப் போனது. நான் பின்னல் போடும் அளவுக்கு முடி வளர்த்துவிட்டேன். அம்மா தலை வாரும்போதெல்லாம், "இது சாமி முடிடி, ரொம்பப் பெருமைப்படாதே" என்பாள்.

அந்தப் பங்குனியில் மிராசுதார் ஊருக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "என்னப்பா, மகளுக்கு இன்னுமா முடி இறக்கலை? சாமி காரியத்தை இப்படியா தள்ளிப் போடுவே? சித்திரையில என் பையன் கூட்டாளிங்களோட அந்த மலைக்குத்தான் போறான். ஜீப்புல இடம் இருக்கு. பொண்ணை அழைச்சிக்கிட்டுப் போயிட்டு வா" என்றார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனதும் பக்கத்து வயல் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு அண்ணன் முறை அவர்.

"ஏன் மாப்ளே, இத்தனை வருஷமா வண்டிக்குப் பின்னால ஓடிவர வெச்ச மனுஷன், இன்னிக்கு உன்னை ஜீப்புல ஏத்துறாரா? நல்லேரு நெருங்குது. யோசிச்சுக்க."

"சாமி காரியத்துல குத்தம் பாக்காதீங்க மச்சான்."

"நான் சாமியைக் குத்தம் பாக்கலை. ஜீப்பைத்தான் பாக்குறேன்."

அம்மாதான் முடிவு சொன்னாள். "கூப்பிடுற வாயி அவரோடதா இருந்தாலும் கூப்பிடுறவன் முருகன். போயிட்டு வாங்க. ஆனா நல்லேருக்கு மொத நாளு பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேந்துடணும்." அவள் வரவில்லை. மாடு இரண்டையும் யாரிடம் விட்டு வருவது?

ஜீப்பை மிராசுதார் மகனே ஓட்டினார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மலை ஏறுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் ஒரு விசில், தோளில் சுருட்டின கயிறு. அரைக்கால் சட்டையில் அவரைப் பார்க்கக் கூச்சப்பட்டு அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜீப்பில் ஏறியதும் அப்பா கீழே, கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்தார். "மேல உக்காருங்க" என்று மிராசுதார் மகன் அவர் கையைப் பிடித்துத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார். அப்பாவை அந்த வீட்டில் யாரும் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அப்பா சந்தோஷப்படவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது என்ன புது மரியாதை என்று நினைத்திருக்கிறார். அந்தப் பையன் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார் என்பது எனக்கு அன்றே தெரிந்தது. அடிவாரத்தில் டீ ஆற்றின பையனைக்கூட "குடுங்க" என்றுதான் கேட்டார்.

மலையடிவாரத்தில் காட்டிலாகா ஒரு பூங்கா போட்டிருந்தது. கம்பி வேலிக்குள் நாலைந்து மான். ஒரு சறுக்குமரம், அதன் தகரம் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பூங்காவின் பின்பக்கம் ஒரு கேட். அதிலிருந்து மலைப்பாதை தொடங்கியது. வழி தெரிவதற்காக இரண்டு பக்கமும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் போலவே, சும்மா ஏறி இறங்குகிறவர்களும் அந்தக் காலத்திலேயே வருவார்கள் என்று பூங்காவைக் காவல் காத்த வாட்சர் சொன்னார். அப்பா நம்பவில்லை. "வேலை வெட்டி இல்லாம எவன் ஏறுவான்?" என்றார்.

மறுநாள் காலை அடிவாரத்தில் எனக்கு முடி இறக்கினார்கள். மடியில் விழுந்த பின்னலைப் பார்த்து நான் அழுதேன். அப்பாவும் அழுதார், ஆனால் அது வேறு அழுகை. தலை முழுக்கச் சந்தனம் பூசியதும் காற்று நேராக மண்டைக்குள் போவது போல் சில்லென்று இருந்தது. பிறகு ஏறத் தொடங்கினோம்.

சருகு நொறுங்குகிற சத்தம், வெயிலில் காய்ந்த ஒரு புல்லிலிருந்து எலுமிச்சை வாசனை, பாறையைத் தொட்டால் உள்ளங்கையில் ஏறும் சூடு. சந்தனத்துக்கு வண்டுகள் வந்து தலையைச் சுற்றிக்கொண்டே இருந்தன. எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம், எதிரே வருகிறவரைப் பார்க்க முடியாதது. நம் ஊரில் எதிரே யார் வருகிறார்கள், என்ன எடுத்து வருகிறார்கள் என்பது வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் திடீரென்று முளைத்தார்.

அப்பா எனக்கு முன்னால் நடந்தார். மிராசுதார் மகன் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, பாதை இவ்வளவு அகலமா இருக்கு. நீங்க கயித்து மேல நடக்கிற மாதிரி ஒரு காலுக்கு முன்னால ஒரு காலை வெச்சு நடக்குறீங்க?"

"வரப்புல நடந்த காலு தம்பி. ரெண்டு பக்கமும் நாத்து இருக்கிறாப்லயே தோணுது."

"மிதிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. அகலமா நடங்க."

அப்பா கொஞ்ச தூரம் அகலமாக நடந்து பார்த்தார். அடுத்த திருப்பத்துக்குள் மறுபடி வரப்பு நடைதான்.

முருகன் சின்ன மூர்த்தி. கூரை இல்லை, ஒரு வேல், ஒரு மேடை, முன்னால் ஒரு மண்டபம். அப்பா விழுந்து கும்பிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. நான் பயந்துபோய்த் தொட்டேன். தரிசனம் முடிந்து பாறை ஓரத்தில் நின்றோம். "நம்ம ஊரு எந்தப் பக்கம் தம்பி?" என்று அப்பா கேட்டார். அவர் தென்கிழக்கே கையைக் காட்டி, "அந்தப் புகை மாதிரி இருக்குல்ல, அதுக்கும் அப்பால. அதோ வெள்ளையா ஒரு கோடு போகுதே, அதான் காவேரி" என்றார்.

"தண்ணியா?"

"சித்திரையில ஏதுங்க தண்ணி? மணலு."

அப்பா அந்த மணல் கோட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டார். அன்று முழுவதும் அவர் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். நெல்லிக்காய் பறித்துக் கொடுத்தார். மிராசுதார் மகன் என்னை விசில் ஊத விட்டார். "காட்டுல வழி தவறுனவங்களைத் தேடறப்ப மூணு தடவை ஊதுவோம் பாப்பா. காதுல விழுந்தா திருப்பி ஒரு சத்தம் குடுக்கணும். அவ்வளவுதான்."

சாயங்காலம் எல்லாம் மாறியது. அன்றிரவு மண்டபத்தில் தங்கி, காலையில் இறங்கி ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. மறுநாளுக்கு மறுநாள் நல்லேர். மிராசுதார் மகன் கூட்டாளிகளோடு பேசிவிட்டு வந்து, "நாளைக்கு மேல் அருவி வரைக்கும் போறோம். நாளன்னிக்கு விடியக்காலம் ஜீப்பை எடுத்துடலாம்" என்றார்.

"தம்பி, நாளன்னிக்கு நல்லேரு. நாளைக்கே ஊருல இருக்கணும்."

"மதியத்துக்குள்ள போயிடலாமே. மூணு சுத்து ஓட்டுறதுதானே?"

"சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி பூட்டணும் தம்பி."

"அப்படியா? எங்கப்பா ஒண்ணும் சொல்லலையே. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்கடான்னுதான் சொல்லி அனுப்புனாரு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அந்த 'மெதுவா' போதும். பக்கத்து வயல் மாமா சொன்னது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன் முகத்தை அப்பா நேராகப் பார்க்கவில்லை.

விடிந்ததும், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே என்னை எழுப்பி, கட்டுச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கோயில் பக்கத்துக் கொட்டகையில் இருந்த இன்னொரு வாட்சரிடம் மட்டும் வழி கேட்டார்.

"வந்த வழியில பூங்காவுக்கு எறங்குனா பஸ் கெடையாதுங்க. ரோட்டுக்குப் பாதி நாளு நடக்கணும். கெழக்குத் தடத்துல எறங்குங்க, நேரா பஸ் ரோடு. சுண்ணாம்புக் கல்லை விட்டுடாதீங்க. நடுவுல ஓடை வரும், தாண்டிடுங்க. தாண்டுனா தடம் கொஞ்சம் மேல ஏறும். ஏறிப் போயி அந்தப் பக்கம் எறங்கணும்."

ஓடை வந்தது. அந்தக் கோடையிலும் மெலிசாகத் தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டினால் சுண்ணாம்புக் கற்கள் மேட்டைப் பார்த்துப் போயின. அப்பா நின்றுவிட்டார்.

"கீழ போகணும்னா எதுக்கு மேல ஏறணும்?"

"அவரு ஏறணும்னுதானே சொன்னாருப்பா?"

"அவரும் அவங்க ஆளுதான். சுத்தி விடப் பாக்குறாங்க. இந்தத் தண்ணி எங்க போவுது? கீழதானே? தண்ணியை விட வழி தெரிஞ்சது யாரு? இதைப் பிடிச்சிக்கிட்டே போனா ஊரு வந்துடும்."

நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நம் பக்கத்தில் எந்த வாய்க்காலைப் பிடித்து நடந்தாலும் ஒரு மதகு வரும், மதகடியில் ஒரு டீக்கடை இருக்கும், டீக்கடையில் நம்மைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் ஊருக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? அப்பா பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர் எல்லாம் மனிதன் வெட்டிய வழியில் மனிதனைத் தேடி வந்த தண்ணீர். மலைத் தண்ணீருக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பாறைக்குப் பாறை தாண்டி, சில இடத்தில் உட்கார்ந்து சறுக்கி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை இறங்கினோம். அப்பாவின் பாதம் சேற்றுக்குப் பழகினது. கல்லில் விரலெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. "முருகா, முருகா" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். ஓர் இடத்தில் ஓடை இரண்டு பாறைக்கு நடுவில் நுழைந்து வளைந்தது. அதற்கப்பால் வானம்தான் தெரிந்தது. அப்பா பாறையைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே இறக்கி மண் தேடினார். அப்போது தோளில் மாட்டியிருந்த தூக்கு நழுவியது.

ஒரு தரம் பாறையில் மோதி டங்கென்றது. பிறகு ஒன்றும் இல்லை. நான் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வெகு நேரம் கழித்து, வெகு கீழே, வேறு ஏதோ ஊரில் பாத்திரம் விழுந்த மாதிரி கேட்டது.

அப்பா காலை மேலே இழுத்துக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மட்டும் ஓசைப்படாமல் அந்த விளிம்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மேலே விசில் கேட்டது. மூன்று தரம். சற்று நிறுத்தி மறுபடி மூன்று தரம்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா பொத்தினார்.

"பேசாதே. பிடிச்சு நிறுத்தத்தான் வந்திருக்காங்க. இன்னிக்குப் பொழுது போயிட்டா நெலம் போயிடும்."

அவர் கையில் சந்தனமும் ரத்தமும் சேர்ந்து மணத்தது. விசில் கொஞ்சம் கிட்டே வந்தது, பிறகு மலையின் இன்னொரு பக்கம் போய்த் தேய்ந்துவிட்டது. அன்று மதியம் ஒரு குரல் கொடுத்திருந்தால் சாயங்கால பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். அதை நினைத்து நான் அப்பாவைக் குறை சொல்வதில்லை. நிலத்தைப் பறிக்கிற வீட்டிலிருந்து ஆளைத் தேடிக்கொண்டும் ஒருவன் வருவான் என்று, அந்த வருஷத்தில் குத்தகைக்காரன் எவனால் நம்ப முடிந்திருக்கும்?

இறங்கின பாறை எல்லாம் ஏறும்போது இரண்டு மடங்காக நின்றன. என் கால் பிசகிவிட்டது. அப்பா என்னை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். பொழுது மங்கும்போது சுண்ணாம்புக் கல் கண்ணில் பட்டது. அதன்மேல் மிராசுதார் மகன் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. வாட்சர் டார்ச் லைட்டோடு நின்றார். அருவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று காலையிலிருந்து மிராசுதார் மகன் எங்களைத்தான் தேடியிருக்கிறார்.

அவர் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "பாப்பா, விசில் கேக்கலையா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை தம்பி" என்றார் அப்பா.

அந்தக் கோடையில் அருவிக்குச் சத்தமே கிடையாது. அது அப்பாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மிராசுதார் மகன் எழுந்து, "சரி, வாங்க. ஊருல கொண்டுபோயி விட்டுடுறேன்" என்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

பூங்காவுக்கு இறங்கி வந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். விடிந்துதான் திறப்போம் என்று சட்டமாகச் சொல்லிவிட்டார்கள். கூட்டாளிகள் மலையிலேயே தங்கிவிட, திறந்ததும் எங்கள் மூவரோடு ஜீப் பறந்தது. கிழக்கே சிவந்து, சூரியன் மேலே வருவதை அப்பா பார்த்துக்கொண்டே வந்தார். திருச்சி தாண்டும்போது கையிரண்டையும் மடியில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஊரை அடையும்போது உச்சி வெயில். எல்லா வயலிலும் நல்லேர் முடிந்து ஆட்கள் புளியமரத்தடியில் இருந்தார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் எங்கள் வயலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். வயலில் மாடு இரண்டும் நுகத்தடியில் இருந்தன. மண்ணில் கோணல் மாணலாக மூன்று சுற்று உழவு. கலப்பை உழவுச்சாலிலேயே நட்டமாக இருந்தது. அதன் மேழியைப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டி, அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து வயல் மாமா ஓடி வந்தார்.

"வந்துட்டியா மாப்ளே! இருட்டு பிரியறதுக்குள்ள பக்கத்து ஊர் ஆளு ஒருத்தன் மாட்டோட வந்துட்டான், இந்த வயலைப் பூட்டச் சொன்னாங்கன்னு. அவன் வரப்பு ஏறுறதுக்குள்ள தங்கச்சி மூணு சுத்து முடிச்சிடுச்சு. நான் ஓட்டுறேன்னுதான் சொன்னேன். கேக்கலை. 'நீங்க மேழியைத் தொட்டா ஊரு உங்க பேரைச் சொல்லும்ணே, நான் தொட்டா எங்க வீட்டுப் பேரைத்தானே சொல்லும்'னுடுச்சு. மாட்டுக் கயித்தைக்கூடத் தொட விடலை."

"பொம்பளை கலப்பையைத் தொட்டா மழை பேயாதுன்னு சொன்னோம், அதுக்கும் பதில் வெச்சிருக்கு" என்றார் மரத்தடியிலிருந்து ஒருவர்.

"என்னா சொல்லிச்சு?" என்று அப்பா கேட்டார்.

"நமக்குத் தண்ணி மேட்டூர்லேந்து வருது, அங்க யாரு போயி சொல்லப் போறான்னு கேக்குது."

மாமா குரலைத் தாழ்த்தினார். "வந்தவன் வயல்ல எறங்கலை மாப்ளே. பயம். ஆனா, பொம்பளை பூட்டுனது கணக்குல சேராது, ஐயாவைக் கேட்டுட்டு வரேன்னு போயிருக்கான். அதான் தங்கச்சி அவுக்காம நிக்குது. கலப்பையை எடுத்தா வந்து வெச்சிடுவான்."

"எந்த ஐயா?"

கேட்டது மிராசுதார் மகன். ஜீப்பிலிருந்து இறங்கி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். மாமா ஜீப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஒங்க அப்பாதான் தம்பி."

அவர் முகத்தை நான் பார்த்தேன். அதற்கு முன் அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அப்பாவும் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கம் இருந்தது. நல்லேர் பூட்டினவர், படைத்த காப்பரிசியில், அதுதான் ஊறின பச்சரிசியும் வெல்லமும் எள்ளும், ஒரு பங்கை நிலத்துக்காரர் வீட்டுக்குக் கொடுப்பார். அந்த வீட்டு ஆள் வயலில் நின்று அதைக் கைநீட்டி வாங்கிவிட்டால், இந்த வருஷம் நீதான் சாகுபடி என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு மாற்றிப் பேசமுடியாது. வழக்கமாக அவர்கள் கணக்குப்பிள்ளை வந்து வாங்குவார். அந்த வருஷம் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அம்மா மேழியை விடாமல், இன்னொரு கையால் வரப்பிலிருந்த இலையை எடுத்தாள்.

"தம்பி, வருஷா வருஷம் ஒங்க வீட்டுக்குக் குடுக்குறது. இந்த வருஷம் வாங்க யாரும் வரலை. நீங்க வந்திருக்கீங்க."

அவர் வாங்கினால் தன் அப்பாவை எதிர்த்த கை. வாங்காவிட்டால் நாங்கள் தெருவில். அவருக்கு அந்த வழக்கம் தெரியாது என்றும் சொல்லமுடியாது. அந்த வீட்டில் பிறந்தவர்.

குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவசரப்படவில்லை. இரண்டையும் வரப்பில் வைத்துவிட்டு, உரிந்த முழங்காலோடு வயலில் இறங்கி, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அம்மா போட்டாள். எல்லோரும் பார்க்க, நின்ற இடத்திலேயே தின்றார்.

"எள்ளு வறுத்துப் போட்டிருக்கீங்களா?"

"ஆமா தம்பி."

"நல்லா இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சாப்புட்டுட்டுப் போங்க தம்பி" என்றார் அப்பா. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார். வீட்டில் போய் என்ன சொன்னார், என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பதிய வந்த அதிகாரி கேட்டபோது ஊர் அப்பா பெயரைச் சொன்னது. எதிர்த்து யாரும் வரவில்லை. அந்த ஒன்பது மாவில்தான் நாங்கள் வளர்ந்தோம். நான் தினம் விளக்கேற்றும்போது அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். இப்போது அவரும் கிழவராகியிருப்பார்.

ஜீப் போன புழுதி அடங்கியதும் அப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்.

"அந்தப் புள்ள நேத்து எங்களைத் தேடி ஊதிக்கிட்டே சுத்திச்சு. நான்தான் இவ வாயைப் பொத்துனேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள். "நீங்க அடைச்ச வழியை முருகன் வேற பக்கமா தொறந்துட்டான். விடுங்க. மாடு வெயில்ல நிக்குது."

அப்பா நுகத்தடிக்குக் கையை நீட்டினார். அம்மா தடுத்தாள்.

"பூட்டுனவதான் அவுக்கணும்."

அவளே அவிழ்த்தாள். கலப்பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வரப்பேறினாள். மரத்தடியில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அப்பா மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நான் அவர் முதுகில். எங்கள் ஊரில் புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால் என்பதுதான் நடை. அப்பா அம்மாவுக்குப் பின்னால் தெருவில் நடந்து போனதை நான் அந்த ஒரு நாள்தான் பார்த்தேன்.